புலிக்குப் பாவம் உண்டா?

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனாரைத் தரிசிக்கப் போகும் அன்பர்களே! நீங்கள் பொங்கலிடும் அந்த இடம், 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

அங்கே மிளாவைக் கொல்லும் புலிக்குப் பாவம் உண்டா? யோசித்துப் பாருங்கள். கூரிய கோரைப்பல், உள்ளே மடங்கும் நகம், இறைச்சியை மட்டுமே செரிக்கும் குடல்... புல்லைத் தின்று பிழைக்க அதனால் முடியாது. பல முறை பாய்ந்தால் ஒரு முறைதான் இரை சிக்கும். வேறு வழி இல்லாத உயிருக்குப் பாவமும் இல்லை.

நமக்கு வழி இருக்கிறதே! பாபநாசத்தில் முழுகிவிட்டு, உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டு வருகிறோம். 'துணியோடு பாவமும் போகும்' என்று சமாதானம் வேறு. துணி எங்கும் போவதில்லை; பாறையிலும் மீனின் வழியிலும் சிக்கிக் கிடக்கிறது. காட்டில் வீசும் பாலித்தீன் பையைத் தின்னும் மானுக்குக் குடல் அடைத்துக்கொள்கிறது. அதைக் கொன்றது பசியா? இல்லை, நம் சோம்பல்.

புலி பசிக்காகக் கொல்கிறது. நாம் அலட்சியத்தால் கொல்கிறோம். பாவம் யார் கணக்கில் சேரும்?

பாவத்தை நதியில் கரைக்க வந்த நாம், அங்கேயே புதுப் பாவம் தேடலாமா? இந்த ஆடியில் ஈரத் துணியைப் பிழிந்து, பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அய்யனாருக்கு அதுவும் ஒரு நேர்த்திக்கடன்தான்!