இல்லாதவரின் வக்கீல்

1840இல் டெக்சஸ் அமெரிக்காவின் மாநிலம் அல்ல, தனிக் குடியரசு. அதில் ஹூஸ்டன் நான்கு வயது ஊர்: சேறு, கொசு, மஞ்சள் காய்ச்சல். அங்கே பீட்டர் கிரே என்ற இளைஞர் தம் தந்தையோடு வக்கீல் தொழிலில் இறங்கினார். இன்று லண்டன்வரை அலுவலகம் வைத்திருக்கும் பேக்கர் பாட்ஸ் நிறுவனம் தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு பாட்ஸும், அவருக்குப் பின் நீதிபதி பேக்கரும் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். ரயில் வந்தது. ரயில் கம்பெனிகளுக்கு நில ஒப்பந்தம், கடன் பத்திரம், விபத்து வழக்கு என்று ஓயாத வேலை. இந்த அலுவலகத்தில் பங்குதாரராக இருந்த ராபர்ட் லவெட் 1909இல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்கே தலைவரானார். 1901இல் டெக்சஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. ஊர் பெருத்தது, வக்கீல்களும் பெருத்தார்கள். நிறுவன வரலாறுகள் வழக்கமாக இப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் அதே ரயிலும் அதே எண்ணெயும் ஹூஸ்டனின் எல்லா வக்கீல்களுக்கும்தான் வாய்த்தன. இந்த நிறுவனத்தைப் புரிந்துகொள்ள நான் பார்க்கும் ஆண்டு 1900.

ஹூஸ்டனில் பருத்தி வணிகத்தாலும் நிலத்தாலும் பெரும் செல்வரான வில்லியம் மார்ஷ் ரைஸ், தம் சொத்தின் பெரும்பகுதியைக் கொண்டு அவ்வூரில் ஒரு கல்வி நிறுவனம் அமைய வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். 1891இல் அதற்குச் சாசனம் பதிவானது. அறங்காவலர் குழுவின் தலைவர், நீதிபதி பேக்கரின் மகன் கேப்டன் ஜேம்ஸ் பேக்கர். இந்த நிறுவனத்தில் ரைஸின் வக்கீலும் அவரே.

1900 செப்டம்பர் 23 அன்று, 84 வயது ரைஸ் நியூயார்க் வீட்டில் இறந்தார். மறுநாள் அவர் கையெழுத்துடன் 25,000 டாலர் காசோலை ஒன்று வங்கிக்கு வந்தது, ஆல்பர்ட் பேட்ரிக் என்ற வக்கீலின் பெயரில். அந்தப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை வங்கி ஊழியர் கவனித்தார். உடலை விரைந்து எரித்துவிட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது செய்தி ஹூஸ்டனுக்குப் பறந்தது, பேக்கர் நியூயார்க்குக்குப் புறப்பட்டார். உடற்கூறு ஆய்வு நடந்தது. பிறகு வீட்டுப் பணியாள் ஒப்புக்கொண்டான்: பேட்ரிக்கின் தூண்டுதலால் தூங்கும் கிழவருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துக் கொன்றிருக்கிறான். சொத்தில் பெரும்பகுதியைப் பேட்ரிக்குக்கு எழுதிவைத்த புதிய உயில் போலி.

அந்தப் போலி உயில் கெட்டிக்காரத்தனமானது. பழைய உயிலைவிட உறவினர்களுக்கு அதில் கூடுதல் பங்கு இருந்தது. வழக்காடாமல் பேசித் தீர்த்திருந்தால் உயிரோடிருந்த பலருக்கும் லாபம். நஷ்டம் இருவருக்கு மட்டும்: இறந்துபோன ஒருவருக்கும், ஒரு செங்கல்கூட வைக்கப்படாத ஒரு கல்லூரிக்கும். இருவராலும் நீதிமன்றப் படியேறி ஒரு வார்த்தை பேச முடியாது. அவர்களுக்காகத்தான் பேக்கர் ஆண்டுக்கணக்கில் நின்றார். 1904இல் கல்லூரிக்கு வந்து சேர்ந்த மூலதனம் சுமார் 46 லட்சம் டாலர். ரைஸ் இறந்து சரியாகப் பன்னிரண்டாம் ஆண்டில், 1912 செப்டம்பர் 23 அன்று, வகுப்புகள் தொடங்கின. கட்டணம் இல்லை. அதே ஆண்டில் பேட்ரிக் மன்னிப்புப் பெற்று விடுதலையானார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வணிக வக்கீலிடம் நாம் உண்மையில் ஒப்படைப்பது இதைத்தான்: நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தை. ஒப்பந்தம், அறக்கட்டளை, உயில் எல்லாமே எழுதியவர் எழுந்து போன பிறகுதான் சோதனைக்கு வருகின்றன. ஊரார் அதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள். செத்தவர் சொல்லை விற்காதவர் நம் சொல்லையும் விற்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதோடு முடித்துவிட்டால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. பேக்கர் காப்பாற்றிய ரைஸின் சாசனத்தில், இந்தக் கல்வி வெள்ளையருக்கே என்றும் எழுதியிருந்தது. நிறுவனத்தை விதைத்த பீட்டர் கிரே, அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். எழுதியவர் சொல்லுக்குக் காட்டிய விசுவாசம் அவருடைய கொடையைக் காத்தது. அவருடைய அநீதியையும் அரை நூற்றாண்டு காத்தது. 1963இல் அறங்காவலர்களே நீதிமன்றம் சென்று சாசனத்தைத் திருத்தக் கேட்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பத்திரம் எழுதிய அறையில் ரைஸ் இருந்தார், வக்கீல்கள் இருந்தார்கள். ஹூஸ்டனின் கறுப்பினப் பிள்ளைகள் அங்கே இல்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. அவர்களும் இல்லாதவர்கள்தான். கையெழுத்திட்டுவிட்டு மறைந்தவருக்கு மட்டும் உண்மையாக இருப்பது வக்கீல் தர்மத்தில் பாதி. அந்தக் காகிதம் வெளியே நிறுத்தியவரையும் நினைப்பது மறுபாதி. அதுதான் கடினமானது, தாமதமாக வருவது.

அந்த மறுபாதியின் சிறு கீற்று ஒன்றை இந்த நிறுவனத்தின் உள்விதியில் பார்க்கிறேன். பங்குதாரரின் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை என்று ஒரு காலத்தில் விதி வைத்திருந்தார்கள். அப்பாவின் நாற்காலியில் மகன் உட்காரும் அலுவலகங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தகப்பன் பெயர் இல்லாத இளைஞன் அவற்றின் வாசலோடு திரும்பியதையும் பார்த்திருக்கிறோம். 1957இல் சட்டம் படித்து முடித்தார் கேப்டன் பேக்கரின் பேரன், மூன்றாம் ஜேம்ஸ் பேக்கர். தந்தை அங்கே பங்குதாரர், வாசற்பலகையில் குடும்பப் பெயர். விதி அவருக்காகத் தளரவில்லை. யாரென்றே தெரியாத ஏதோ ஒரு விண்ணப்பதாரரின் பக்கம் நிறுவனம் நின்றது. ரயில் ஒப்பந்தங்கள் அனைத்தையும்விட இதையே பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

பேரன் அதே ஊரில் வேறொரு வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்க நிதியமைச்சரானார், 1989இல் வெளியுறவு அமைச்சரானார். பேக்கர் பாட்ஸில் அவர் காலடி வைத்தது 1993இல்.