"என்னிடம் சொல்லவில்லை"

2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை இலங்கைக்குப் போய்விட்டது. 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். பாதுகாப்பு அமைச்சையும் தன்னிடமே வைத்திருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார்.

பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் தாயிடமிருந்து இந்தப் பதிலை எந்த ஊரும் ஏற்காது. (அது நியாயமா என்பது வேறு.) பிரதமரையே பாதுகாப்புச் சபைக்கு அழைக்காமல் விட்டவர் அவர். யார் அங்கே உட்காரலாம் என்று தீர்மானித்தவர், அங்கே எது வந்து சேரவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டாமா?

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவரைச் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. தொகையைவிட 'சொந்தப் பணம்' என்பதுதான் எனக்கு முக்கியம். கஜானாவிலிருந்து கொடுத்திருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வரிப்பணமும் அதில் இருந்திருக்கும்.