ஏர்முனையும் முத்துச்சிப்பியும்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. நயினார் என்று அழைக்கப்படும் அந்த வட்டாரத்துச் சமணக் குடும்பங்களில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக உழவை நம்பியவை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பதும், தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதும் அவர்கள் வீட்டு ஒழுக்கம். அதே வீட்டார் ஏரும் பிடிக்கிறார்கள். ஏர்முனையில் மண்புழு அறுபடத்தான் செய்யும்.

சமணம் உயிர்களைப் புலன்களால் வகுக்கிறது. செடிகொடிக்குத் தொடுபுலன் ஒன்றே. புழு, சங்கு, சிப்பி ஆகியவற்றுக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. தொல்காப்பியத்தின் மரபியலும் நத்தை, சிப்பி இனங்களை ஈரறிவுயிர் என்றே வைக்கிறது. ஆக, திண்டிவனத்து வயலின் மண்புழுவும் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியும் ஒரே படியில் நிற்கின்றன. உழவனை ஏற்றுக்கொண்ட சமயம் முத்து வளர்ப்பவரையும் ஏற்குமா?

பழைய முத்துக்குளிப்பைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. 1905-இல் இலங்கைப் பக்கத்துப் பார்களில் (சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்) மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். கரையில் குவித்து அழுகவிட்டு, புழு தின்றபின் கழுவி முத்தைத் தேடினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் முத்தே இல்லை. தூத்துக்குடியில் 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றது. பார்களில் சிப்பி பெருகவில்லை.

இந்தியாவில் வளர்ப்பு முறை பிறந்தது அதற்குப் பிறகு. 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி தலைமையிலான குழு முத்தை விளைவித்துக் காட்டியது. ஆனால் உள்ளே மணி வைக்கும் அறுவைக்கு வேண்டிய சிப்பி எங்கிருந்து வரும்? பாரை நம்பினால் ஒரு வருடம் இருக்கும், மறு வருடம் இருக்காது. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1981-இல் அதே நிறுவனம் கைவரப்பெற்ற குஞ்சுப் பொரிப்பகம். இன்னொன்று, கடலில் தானாக வந்து ஒட்டும் குஞ்சுகளைப் பிடிப்பது.

சிப்பியின் இளம்புழு மூன்று வாரம்போல நீரில் மிதந்து அலைகிறது. பிறகு பிடிக்க ஓரிடம் கிடைத்தால் நூல்போன்ற இழையால் ஒட்டிக்கொள்கிறது, கிடைக்காவிட்டால் செத்துப்போகிறது. அந்த நேரம் பார்த்துக் கயிற்றிலும் வலைத்துண்டிலும் இடம் கொடுத்தால் குஞ்சுகள் வந்து அப்பிக்கொள்ளும். கேரளத்து விழிஞ்ஞம் விரிகுடாவில் இப்படிச் சேகரித்திருக்கிறார்கள். பிரெஞ்சு பாலினீசியாவின் கருமுத்துத் தொழிலே இந்தக் குஞ்சுகளை நம்பித்தான் நடக்கிறது.

இதுவரை பார்த்தால் சிப்பிக்கு நன்மைதான். மீனுக்கும் நண்டுக்கும் இரையாகியிருக்கக்கூடிய குஞ்சு கூண்டுக்குள் பாதுகாப்பாக வளர்கிறது. கூண்டில் ஒட்டும் கொட்டலசைச் சுரண்டி எறிவது ஒரு கொலை என்றாலும், அது உழவில் சாகும் புழுவின் கணக்கில்தான் சேரும். தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் கொலையையும், வேண்டுமென்று செய்யும் கொலையையும் சமண ஆசாரியர்கள் தெளிவாகப் பிரித்தே சொல்லியிருக்கிறார்கள். இல்லறத்தானிடம் அவர்கள் கறாராக விலக்கச் சொன்னது இரண்டாவதை.

சிக்கல் தொடங்குவது அறுவை மேசையில். சிப்பியை மென்தால் கலந்த நீரில் மயக்கி வாய் திறக்க வைக்கிறார்கள். இன்னொரு சிப்பியைக் கொன்று எடுத்த மேலுறைத் திசுவின் துணுக்கையும், உருட்டிய ஓட்டுமணி ஒன்றையும் உள்ளே வைக்கிறார்கள். அந்த மணிக்கும் பெரும்பாலும் மிசிசிப்பி ஆற்று மட்டியின் ஓடுதான் மூலப்பொருள். விளைந்தபின் சிப்பியை வெட்டித் திறக்கிறார்கள். ஏர் பிடிப்பவருக்கு மண்புழு சாகவேண்டும் என்ற தேவை இல்லை; அது தப்பினால் அவருக்கு நஷ்டமும் இல்லை. முத்து வளர்ப்பில் குஞ்சைக் கயிற்றில் ஏற்றும்போதே வெட்டும் நாளும் திட்டத்தில் இருக்கிறது. ஒரே படியில் நிற்கும் இரண்டு உயிர்களின் சாவும் ஒன்றல்ல என்பது இங்கேதான் புலப்படுகிறது. முத்து சோறும் அல்ல, ஆபரணம்.

சிப்பிக்கு வலி தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு மூளை இல்லை, நரம்பு முடிச்சுகள்தான். தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1975-இல் எழுதிய விலங்கு விடுதலை நூலில் சிப்பியை உண்ணலாம் என்ற பக்கம் சாய்ந்தார்; 1990 பதிப்பில் அந்த இடத்தைத் திருத்தி, ஐயம் இருக்கும்போது விட்டுவிடுவதே சரி என்றார். சமணம் அந்த இடத்துக்கு வலியை அளக்காமலே எப்போதோ வந்துவிட்டது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயர் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. தன் உடம்பைத் துறக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிற உயிரின் உடம்பின்மேல் அந்த உரிமை இல்லை.

செய்வது, செய்விப்பது, உடன்படுவது ஆகிய மூன்றும் சமணத்தில் வினைதான். ஆகவே கயிறு கட்டும் மீனவரோடு கேள்வி நிற்காது. விழுப்புரத்து நகைக்கடையில் முத்துமாலை கேட்பவரையும் அது தொடும். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பாலினீசியாவின் கருமுத்துச் சிப்பி பெரியது. முத்தை எடுத்துவிட்டு, அது விளைந்த பையிலேயே மறுபடி மணி வைத்துக் கடலில் விடுகிறார்கள், சில சிப்பிகள் மூன்று முறைகூட விளைவிக்கின்றன. அங்கேயும் கொலை முற்றிலும் நீங்கவில்லை, தள்ளிப்போகிறது. மன்னார் வளைகுடாவின் சிறிய சிப்பிக்கோ பெரும்பாலும் ஒரே விளைச்சல்தான்.