எருக்கந்தூண்

போன மாதம் அம்பத்தூரில் நண்பனின் அறையில் 'தி அட்மிரல்: ரோரிங் கரண்ட்ஸ்' பார்த்தோம். 2014-ல் வந்த கொரியப் படம். 1597-ல் வெறும் 13 கப்பல்களை வைத்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியப் போர்க்கப்பல்களை மியோங்யாங் நீரிணையில் யி சுன் சின் என்ற தளபதி தடுத்து நிறுத்திய கதை. கடைசி அரை மணி நேரம் நண்பன் உட்காரவே இல்லை. "என்னா மனுஷன்டா!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நானும் யி சுன் சின் பக்கம்தான். சீனாவைப் பிடிக்க ஆசைப்பட்ட ஹிடெயோஷி, வழியில் இருந்த கொரியா மீது 1592-ல் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஏவிவிட்டார். அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து அடித்தவனுக்கு எதிராக நிற்பதில் என்ன தயக்கம்?

படம் முடிந்து கீழே வந்தேன். நண்பனின் பைக்கில் 'கடாரம் கொண்டான்' என்று ஸ்டிக்கர். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து போய் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. கடாரத்துக்காரன் ஒருவன் அந்தக் கதையைப் படமாக எடுத்தால், யி சுன் சின் அவன் ஊர்க்காரனாக இருப்பான். கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் நாம். ஊரான் கதையில் தடுத்தவன் பக்கம், நம் கதையில் ஜெயித்தவன் பக்கம். இதை நண்பனிடம் சொன்னேன். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு நான் என்னடா பண்றது?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெருமையும் அதே ஆயிரம் வருஷத்துக்கு முந்தையதுதானே. அதை மட்டும் எப்படி எடுத்துக்கொண்டோம்?

இதற்குக் கடாரம் வரை போக வேண்டியதில்லை. அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தலபுராணமே ஒரு போர்க்கதைதான். புழல் பக்கம் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்கள் மேல் தொண்டைமான் படையெடுத்து வருகிறான். யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. வாளை எடுத்துக் கொடியை வெட்டுகிறான். ரத்தம் பீறிடுகிறது. விலக்கிப் பார்த்தால் உள்ளே லிங்கம். பதறிப்போய், அதே வாளால் தன் கழுத்தை அறுத்துக்கொள்ளப் போகிறான். இறைவன் தோன்றித் தடுத்து, நந்தியைத் துணைக்கு அனுப்புகிறார். போரில் வெற்றி. யானையையும் முல்லைக்கொடியையும் சுந்தரரே இந்தத் தலத்துப் பதிகத்தில் பாடியிருக்கிறார்.

கோயிலுக்குப் போனால் இந்தக் கதையைக் கண்ணாலேயே பார்க்கலாம். போருக்குக் கிளம்பிய கோலத்தில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நிற்கிறது. வாள் பட்ட லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக்காப்பு. கருவறை முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். அவை குறும்பர் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்பது ஐதிகம்.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அந்தத் தூண்களைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். எருக்கு தூணாகும் அளவுக்கு வளருமா என்று மட்டும் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் வேறொன்று உறுத்துகிறது. தெரியாமல் பட்ட ஒரு வெட்டுக்காக உயிரையே விடத் துணிந்தவன், தெரிந்தே போட்ட வெட்டுகளுக்காக ஒரு நொடி நின்றதாகக் கதையில் இல்லை. அந்த ஒரு காயத்துக்கு நாம் இன்றுவரை சந்தனம் பூசுகிறோம். குறும்பர்களின் காயத்துக்கு என்ன இருக்கிறது? தூண்தான் இருக்கிறது. அதுவும் வெற்றியின் கணக்கில்.

கியோட்டோவில் 'மிமிசுகா' என்று ஒரு புல்மேடு உண்டு. காதுமேடு என்று அர்த்தம். உண்மையில் உள்ளே இருப்பவை மூக்குகள். கொரியப் போரில் கொன்றதற்குக் கணக்குக் காட்ட, தலைக்குப் பதிலாக மூக்கை அறுத்து, உப்பில் ஊறவைத்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பல்லாயிரக்கணக்கில். 1597-ல் ஹிடெயோஷி அவற்றைப் புதைத்து, பிக்குகளை வைத்துச் சடங்கும் செய்தார். மூக்குமேடு என்ற பெயர் கொடூரமாகப் படவே, பிற்பாடு காதுமேடு ஆக்கினார்கள்.

அந்தச் சடங்கு இரக்கமா, வெற்றி விளம்பரமா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த மேட்டின் முன் நிற்பவனுக்கு, உள்ளே இருப்பது மனிதர்கள் என்று தெரியும். நம் தூண் அந்த அளவுகூடச் சொல்வதில்லை. அழகாக இருக்கிறது, புனிதமாக இருக்கிறது. அதனால் கேள்வியே எழுவதில்லை.

தொண்டைமானை இன்றைய நீதியில் நிறுத்தி விசாரிப்பது என் நோக்கம் இல்லை. இது வரலாறா புராணமா என்பதும் இங்கே முக்கியமில்லை. எந்தக் காயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதை மன்னன் தீர்மானித்து முடித்துவிடவில்லை. தூணைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அதை நாம்தான் தீர்மானிக்கிறோம். நாம் வெட்டவில்லை, சரி. ஆனால் கதையைச் சொல்வது நாம்தானே.

போன பிரதோஷத்துக்கு என் ஆறு வயது மகளைக் கூட்டிப் போனேன். கதை சொன்னேன். "குறும்பர்னா குறும்பு பண்றவங்களாப்பா?" என்றாள். சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. குறும்பு என்ற சொல்லுக்குச் சேட்டை, அரண் என்று இரண்டு பொருளுமே அகராதியில் உண்டு. கோட்டைப் பொருள் மறந்துபோய், சேட்டை மட்டும் நம்மிடம் தங்கியிருக்கிறது.

"இல்லம்மா. இங்க முன்னாடி இருந்தவங்க. இது அவங்க வீட்டுத் தூணு."

அவள் தூணிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ திருப்பிக் குடுத்துடலாமா?"

யாரிடம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நந்தியைப் பார்த்தேன். அது இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது.