யாருடைய கண்ணுக்கு?



புதிதாக மணமுடித்த இருவர் தமக்கென்று அமைந்த முதல் வீட்டிற் குடிபுகுகின்றனர். கையில் இருப்பதோ சொற்பக் காசு. அதில் ஒரு பங்கை வீட்டை அழகுபடுத்தச் செலவிடுவது முறையா? கூரை ஒழுகாமல், அடுப்பு எரிந்தாற் போதாதா? திரைச்சீலையும் பூச்சாடியும் இல்லாதவனுக்கு எதற்கு? இப்படிக் கேட்பவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன்.

வன்னியில் ஓர் இளங் குடும்பம். இந்திய வீடமைப்புத் திட்டத்திற் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவோடு தங்கள் உழைப்பையும் சேர்த்து வீட்டைக் கட்டி முடித்திருந்தார்கள். சுவருக்கு வர்ணம் இல்லை; இருக்கக் கதிரை இல்லை. ஆனால் முன் யன்னல்கள் இரண்டிலும் பூப்போட்ட புதுத் திரைச்சீலை! “பிள்ளை, முதலிலே ரெண்டு கதிரை வாங்கியிருக்கலாமே” என்றேன்.

“2009இல மெனிக் பாமில தறப்பாளுக்குள்ள இருந்தனாங்கள், பாதர். உடுப்பு மாத்திறதெண்டாலும் அம்மா ஒரு சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். இது என்ர யன்னல். நான் நினைச்சா மூடுவன், நினைச்சாத் திறப்பன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் ஆடம்பரமென்று கண்டது, அவளுக்குத் தன் மானத்தின் எல்லைக் கோடாக இருந்தது.

குருமடத்தில் வாசித்து மறந்திருந்த ஒன்று அன்று திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தது. உடை முதலிய புற அலங்காரத்தைப் பற்றி ஆராயும் புனித தோமஸ் அக்குவினாஸ், குற்றம் பொருளில் இல்லை, அதை அளவின்றி நாடும் மனத்திலேதான் என்கிறார். அதோடு நிற்கவில்லை. வேண்டிய கவனிப்பின்றி விட்டுவிடுவதும் குறையே. எளிமையைக்கூட ஒருவன் வீண் பெருமைக்காகப் பூணலாம் என்கிறார். பிறர் வீட்டுத் திரைச்சீலைக்கு எளிமை போதித்தவனுக்கு இது நன்றாகவே உறைத்தது.

இனி, பட்டினத்தில் இன்னொரு வீடு. முன் விறாந்தையில் மாதக் கட்டுக்காசுக்கு எடுத்த சோபா. அதன் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை. பக்கத்திலே கண்ணாடி அலுமாரி, உள்ளே எவரும் தேநீர் குடித்திராத கோப்பைகள். வீட்டுக்காரர் இருவரும் சாப்பிடுவது குசினித் தரையில். அந்தக் குசினிக்கு யன்னல் இல்லை. புகை போக வழியில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால் அந்தப் பெண்ணின் முகம் மாறுகிறது, கட்டுக்காசுக்காரனோ என்று.

இந்தக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஓர் இலட்சம் ரூபா கடன், நூற்றுக்கு 20 வருட வட்டி, இரண்டு வருடத் தவணை என்றால் வட்டி 40,000. மாதம் 5,833 ரூபா. முதல் குறைந்து வர வட்டியும் குறைவதில்லை. முழு இலட்சத்துக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடுகிறார்கள். ஆகவே உண்மையில் நீங்கள் கொடுப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 35. வாசலில் வந்து கையொப்பம் வாங்குபவர் இதைச் சொல்வதில்லை.

இரண்டு வீடுகளிலும் அழகுக்காகவே செலவிட்டார்கள். ஒன்று அங்கே வாழ்பவரின் கண்ணுக்கு. மற்றையது வந்து போபவரின் கண்ணுக்கு. விருந்தாளிக்கு ஓர் ஆசனம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் கண்ணாடி அலுமாரி விருந்தோம்பல் அல்லவே! பெரும் செலவின் சிறப்பைப் பற்றி எழுதும்போது அரிஸ்டோட்டில், ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் மிக அழகான பந்தும், விலை அற்பமாயினும், தன்னளவிற் சிறப்பானதே என்கிறார். பெறுபவர் யார் என்பதைப் பார்த்துச் சொன்னது அது.

அப்படிப் பார்த்தால் முதற் காசு போகவேண்டிய இடம் குசினியே. நாளின் பெரும் பொழுதை ஒருத்தி அங்கேதான் கழிக்கிறாள். ஒரு யன்னல், உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. பாதி இருட்டு போய்விடும். (நான் மேசன் அல்லன். ஆயினும் அவர்களிடம் கேட்டறிந்த ஒன்று: புதுச் சீமெந்துப் பூச்சு காய ஒரு மாதமாவது விடவேண்டும். குடிபூரல் நாளுக்கென்று அவசரப்பட்டு வர்ணம் பூசினால் அது உரிந்துவிடும், காசும் போய்விடும்.) அம்மாவின் பழைய சேலை நல்ல திரைச்சீலையாகும். சாயமிட்ட பனையோலைப் பாயும் பெட்டியும் நம் ஊர்ப் பெண்களின் கைவேலை. அவற்றை வாங்கினாற் காசு அயலிலேயே நிற்கும். முற்றத்துக்குக் குரோட்டன் தடி கேட்டால் எந்த வீட்டிலும் முறித்துத் தருவார்கள். அதற்கு வட்டி இல்லை.

சென்ற மாதம் அந்த வன்னி வீட்டுக்கு மறுபடியும் போனேன். குசினிச் சுவருக்கு இருவருமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கதிரை இன்னும் வாங்கவில்லை. பாயை விரித்துத் தந்தாள். அதிலேதான் இருந்து தேநீர் குடித்தேன்.