தொட்டுக்க என்ன?

ஹாம்பர்கரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மூக்கைச் சுளிக்காதீர்கள். எனக்கும் அது பிடிக்காத சமாச்சாரம்தான். முதலை மாதிரி வாயைத் திறந்து கடிக்க வேண்டிய ஒன்றைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

நல்ல பர்கருக்கு லட்சணம் என்ன? கொத்துக்கறியைச் சப்பாத்தி மாவு போலப் பிசையக் கூடாது. பிசைந்தால் ரப்பர். கல்லில் போடுவதற்குச் சற்று முன்புதான் உப்பு. கல் நன்றாகக் காய்ந்து, கறியின் அடிப்பக்கம் முறுகிச் சிவக்க வேண்டும். வாசனையே அந்தச் சிவப்பில்தான். பன்னின் உள்பக்கத்தை லேசாக வாட்டினால் சாறு இறங்கி நசநசக்காது. பக்கத்தில் வருகிற உருளைக்கிழங்கை இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதலில் மிதமான சூட்டில், உள்ளே வேக. அப்புறம் நல்ல சூட்டில், வெளியே மொறுமொறுக்க. அவ்வளவுதான். நம்ம ஊர் பரோட்டா மாஸ்டருக்கு ஒரு நாள் பயிற்சி போதும்.

ஆனால் அது உலகத்தைப் பிடித்தது ருசியால் மட்டுமில்லை. 1948-ல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டு வேறு மாதிரி திறந்தார்கள். ஒன்பதே அயிட்டம். தட்டு கிடையாது, முள்கரண்டி கிடையாது. ஒருவர் கறி வாட்ட, ஒருவர் சாஸ் தடவ, ஒருவர் பொட்டலம் கட்ட... விலை 15 சென்ட். ஹென்றி ஃபோர்டு 1913-ல் காருக்குச் செய்ததை இவர்கள் பன்னுக்குச் செய்தார்கள். அந்தக் கடை 1996-ல், மாட்டிறைச்சியை விட்டுவிட்டு, டெல்லிக்கு வந்தது. ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி தொடங்கியதும் அதே வருடம்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ உருள ஆரம்பித்தது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சாலை முழுக்கக் கம்பெனி பஸ். போன மாதம் ஒரு வேலையாகப் போனவன், மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பர்கர் கடை. கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இரண்டு பெண்கள் இருந்த மேஜையில்தான் இடம் கிடைத்தது.

சும்மா இருக்க முடியுமா? "ஏம்மா, இதே காசுக்கு மெஸ்ஸுல வயிறாரச் சாப்பிடலாமே? சாம்பார், சட்னியெல்லாம் கேட்கக் கேட்க ஊத்துவாங்க. இங்க சாஸ் பாக்கெட்டைக்கூட எண்ணித்தானே கொடுக்கறான்?" என்றேன்.

ஒருத்தி சிரித்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். "சார், இது எப்ப வந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். சாப்பிட்டா ராத்திரி வயித்தை வலிக்குமோன்னு யோசிக்க வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதான் பர்கர் மேல் எனக்கிருந்த முதல் புகாரே!

2021 டிசம்பர் நினைவிருக்கிறதா? ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிற பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250 பேருக்கு மேல் உடம்புக்கு முடியாமல் போனது. 159 பேர் ஆஸ்பத்திரியில். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடியது. விடுதிகள், சாப்பாட்டுக் கூடங்கள் சிலவற்றில் தரம் இல்லை என்று ஆப்பிளே சொன்னது. ஆலை திறக்க 2022 ஜனவரி 12 ஆனது. ஒரு ஸ்குரூவை எத்தனை அழுத்தம் கொடுத்து முறுக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிற தொழில் அது. அந்த ஸ்குரூவை முறுக்குகிற கை எதைப் பிசைந்து சாப்பிடுகிறது என்று கணக்கு வைக்க, பெண்கள் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது.

அன்பாகச் சமைத்தால்தான் சாப்பாடு என்று நம்புகிறவன் நான். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். ஆனால் வீட்டை விட்டு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்திருக்கிற பெண் அன்பை யாரிடம் போய்க் கேட்பாள்? பர்கர் கடைக்காரனுக்கு அவள் மேல் பாசம் ஒன்றும் இல்லை. பிடிக்காவிட்டால் நாளைக்கு வரமாட்டாளே என்ற பயம் மட்டும் இருக்கிறது. விடுதிச் சமையல்காரருக்கு அந்தப் பயமும் இல்லை, அவள் எங்கேயும் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாத குழந்தைக்கு அம்மா பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள் என்றால், அது வேறு கணக்கு. அம்மாவும் இல்லாமல், எழுந்து போகவும் முடியாத இடத்தில் என்ன இருக்க வேண்டும்? சட்டம், சோதனை, ஆய்வாளர் என்று ஏதாவது இருந்தே ஆக வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற குடியிருப்பை அரசு திறந்தது. நல்லது. அங்கேயும் அடுப்படிக்குள் யாராவது முன்னறிவிப்பில்லாமல் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மெஸ் சாம்பாரை நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

மழை விட்டது. பெண்கள் எழுந்தார்கள். திருவண்ணாமலைக்காரி கவுன்டருக்குப் போய், கேட்டு இன்னும் இரண்டு தக்காளி சாஸ் பாக்கெட் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"நாளைக்குக் காலைல விடுதியில உப்புமா சார். தொட்டுக்க."