சிக்கனமும் ஜீவகாருண்யமும்

அமெரிக்க நாட்டில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோரில் பலர், கடையில் விற்கும் தோட்டாவை வாங்காமல், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கிச் சேர்த்து, மேஜையில் பொருத்திய சிறு கைப்பொறி ஒன்றின் உதவியால் தோட்டாக்களைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். வெடிமருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன ‘கேப்’பைத் தள்ளிவிட்டு, உப்பிய குப்பியை அளவுக்கு ஒடுக்கி, புதுக் கேப்பைப் பொருத்தி, மருந்தை நிறுத்துக் கொட்டி, கடைசியாகக் குண்டை அதன் வாயில் அமர்த்துகிற இந்தக் காரியம் மிகுந்த பொறுமையை வேண்டுவது. குப்பி பலமுறை உதவும். குண்டோ ஒரே முறையில் போய்விடும். ஆகவே செலவைச் சுருக்க நினைப்பவன் 500, 1,000 என்று மொத்தமாக விற்கும் மலிவுக் குண்டுகளை நாடுவது இயல்பு. இந்தச் சாதாரணச் சிக்கனத்துக்கும் தர்ம விசாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு, அது குண்டின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

மலிவுக் குண்டுகளில் பெரும்பகுதி ராணுவ மாதிரியைப் பின்பற்றியவை. சில, பழைய ராணுவத் தோட்டாக்களைப் பிரித்து உருவியவையாதலால், உடம்பில் இடுக்கியின் தழும்பைக்கூடத் தாங்கியிருக்கும். ஈயத்தின்மேல் போர்த்திய செப்புக் கவசம் இவற்றில் முனையை முழுதும் மூடி, அடியில் திறந்திருக்கும். வேட்டைக்கென்று செய்த குண்டிலோ அடி மூடியிருக்க, முனையில் ஈயம் வெளியே தெரியும். இரண்டும் 55 கிரெய்ன், அதாவது சுமார் மூன்றரை கிராம், என்ற ஒரே எடையில் கிடைக்கின்றன. உலோகமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முனை மூடிய குண்டு பெரும்பாலும் குறுகிய துவாரமிட்டு ஊடுருவிச் சென்றுவிட, அடிபட்ட மான் நெடுந்தூரம் ஓடிப் புதருக்குள் கிடந்து நெடுநேரம் துடிக்க நேரிடும். முனை திறந்த குண்டோ உடலுக்குள் விரிந்து, விரைவில் உயிரைப் போக்கிவிடும். இதனாலேயே அந்நாட்டின் பல மாநிலங்களில், மான் வேட்டைக்கு விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், வேட்டையில் கருணையின் பெயரால் விதிக்கப்படும் அதே குண்டு, யுத்தத்தில் கருணையின் பெயராலேயே விலக்கப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் ஆங்கிலேய அரசு இத்தகைய குண்டைச் செய்தது. 1899-ல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பிரயோகிக்கலாகாது என்று பிரகடனம் செய்தது. பிரிட்டிஷ் பிரதிநிதியான ஸர் ஜான் ஆர்டா, நாகரிகப் படைவீரனைத் தடுக்கச் சாதாரணக் குண்டு போதும், காட்டுமிராண்டியைத் தடுக்கப் போதாது என்ற தோரணையில் வாதாடினார். அந்த வாதம் சபையில் எடுபடவில்லை. போரின் நோக்கம் எதிரியைச் செயலற்றவனாக்குவது. ஆகவே அதற்கு மேற்பட்ட துன்பம் வீண் கொடுமை. வேட்டையிலோ, குற்றுயிராக விடுவதே கொடுமை. அப்படியானால் தயையும் குரூரமும் செம்பிலோ ஈயத்திலோ இல்லை; எந்த ஜீவனை நோக்கி, எந்தக் கருத்தோடு பிரயோகிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அவை பிறக்கின்றன என்று கொள்ளவேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ஜைனர் ஒருவர் குறுக்கிட்டு, “கொல்வதே பாபமாயிருக்க, கொல்லும் கருவியில் உத்தமம் என்றும் அதமம் என்றும் தரம் பிரிப்பானேன்?” என்று கேட்கக்கூடும். உழவிலும் சமையலிலும் தவிர்க்க முடியாமல் நேரும் ஹிம்சையை இல்லறத்தானுக்குப் பொறுத்துக்கொள்ளும் அவருடைய சமயம், சங்கல்பத்தோடு செய்யும் ஹிம்சையை அவனுக்கும் விலக்கியிருப்பதால், வேட்டைக்கு அங்கே இடமே இல்லை. அவர் கேள்வி நியாயமானதே; வேட்டை தர்மமாகும் என்று நான் வாதிக்க வரவில்லை. எனினும், அதர்மத்திலும் தாரதம்யம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஏனெனில் கணப்பொழுதில் முடியும் வேதனைக்கும் இரவெல்லாம் நீளும் வேதனைக்கும் உள்ள பேதம், சுட்டவனுடைய மனத்தில் எழும் கற்பனையன்று, சுடப்பட்ட பிராணி அனுபவிக்கும் உண்மை.

ஆகவே சிக்கனத்தைப் பரீட்சிக்க ஒரே கேள்வி போதும்: மிச்சம் பிடிப்பவன் ஒருவனாக இருக்க, நஷ்டத்தைத் தாங்குபவன் வேறொருவனாக இருக்கிறானா? காகித இலக்கின்மேல் மலிவுக் குண்டைச் சுடுகிறவனுக்குக் குறி அங்குல அளவு சிதறலாம். அந்தக் குறை அவனோடு போயிற்று. அதே குண்டை மானின்மேல் எய்கிறவனோ, தன் பணப்பையில் மிஞ்சிய காசை ஓர் ஊமை ஜீவனின் வேதனையிலிருந்து எடுத்துக்கொள்கிறான். அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது தகாது. தன் கடனைப் பிறர் தலையில் ஏற்றுவதே அது.

இதனால் மலிவுக் குண்டைப் பழிக்க வேண்டியதில்லை. காகிதத்தின்மேல் ஆயிரம் குண்டுகளைச் செலவிட்டுக் கையையும் மூச்சையும் வசப்படுத்தியவன்தான், காட்டில் ஒரே குண்டில் காரியத்தை முடிக்க வல்லவன். அத்தனை முறையும் விலையுயர்ந்த குண்டையே சுட வேண்டுமென்றால், பயிற்சியே இல்லாமல் காட்டுக்குப் போகிறவர்கள்தாம் பெருகுவார்கள். தன்னளவில் கஞ்சனாகவும் பிற உயிரளவில் தாராளமாகவும் இருக்கத் தெரிந்தவனிடத்தில், சிக்கனமும் ஒருவகை ஜீவகாருண்யமே.